கோர்னி அத்தானின் சாவுச் சாப்பாடு

எங்கள் சபையில் இதுவரை யாரும் தேதி சொல்லிவிட்டுச் செத்ததில்லை. திங்கட்கிழமை மூச்சு நிற்கும், செவ்வாய்க்கிழமை எனக்குப் போன் வரும், வெள்ளிக்கிழமைக்குள் இருநூறு பேருக்குப் பன், வெண்ணெய், சீஸ், ஊறவைத்த வெள்ளரிக்காய், திராட்சை ரொட்டி, காபி எல்லாம் தயாராக வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகச் சாவுச் சாப்பாட்டுக் குழுவுக்கு நான்தான் தலைவி. அறுவடை நேரத்தில் செத்து என் பிராணனை வாங்கியவர்கள் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் செத்தவர் ஒருவர் உண்டு. அவரை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

ஆகவே, காலஞ்சென்ற என் அக்காவின் புருஷன் கொர்னேலியஸ் பென்னர் நவம்பர் பதினாலாம் தேதி, வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்குச் சாகப்போகிறார் என்று மூன்று வாரத்துக்கு முன்னாலேயே தெரிந்தபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. வெட்கக்கேடுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்தது நிம்மதி. மாவுக்கு நிதானமாகச் சொல்லிவைக்கலாம் என்று நினைத்தேன்.

கோர்னி அத்தான் தன் ஆயுளில் யாருக்கும் சிரமம் கொடுத்தவர் இல்லை. அதுதான் அவருடைய வியாதி என்று நான் சொல்வேன். டாக்டர்கள் வேறு பெயர் சொன்னார்கள். நரம்பு பட்டுப்போய்த் தசை ஒவ்வொன்றாகக் கைவிடும் வியாதி. போன குளிர்காலத்தில் கால் போயிற்று, கோடையில் வலது கை போயிற்று, இப்போது இடது கையில் இரண்டு விரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டன. மூளை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ஏணியை, உடைந்த படியைச் சரிசெய்து, பெயின்ட் அடித்துத் திருப்பிக் கொடுக்கிற மனுஷன் அவர். இனி மூக்கைச் சிந்தவும் ஆள் வேண்டும் என்று ஆனதும் டாக்டரைக் கூப்பிட்டு, டாக்டர் போடும் ஊசியால் சாவதற்கான விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கிவிட்டார். எங்கள் நாட்டில் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக வந்து பேசினார்கள். அவர் இரண்டு விரலால் கையெழுத்துப் போட்டார். கல்யாணத்துக்குக் குறிப்பதுபோல நாள் குறித்தாயிற்று.

விஷயம் தெரிந்த மறுநாளே பாஸ்டர் ட்ரெவர் க்ளாசனும் மூப்பர் குழுத் தலைவர் டீட்ரிக் லோவனும் அத்தான் வீட்டுக்கு வந்தார்கள். பாஸ்டருக்கு முப்பத்து நாலு வயது, கிட்டார் வாசிப்பார். டீட்ரிக் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்; அவர் நலம் விசாரித்தாலே அதில் மூன்று உட்பிரிவுகள் இருக்கும். அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைதோறும் நான் அத்தானுக்குச் சூப் கொண்டுபோவேன். ஸ்பூனும் கையுமாக நானும் அங்கே இருந்தேன்.

"உயிரு கர்த்தர் குடுத்தது அங்கிள்," என்று ஆரம்பித்தார் பாஸ்டர். "குடுத்தவர்தான் எடுக்கணும்."

"எனக்கும் அதான் ஆசை தம்பி," என்றார் அத்தான். "ஆனா அவரு எடுக்க வர்றதாத் தெரியலையே. வர்ற வழியில எங்கயோ காபி குடிக்க உக்காந்துட்டாரு போல."

சிரிக்கலாமா கூடாதா என்று பாஸ்டர் டீட்ரிக்கின் முகத்தைப் பார்த்தார். கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

"கஷ்டத்துக்கும் ஒரு நோக்கம் இருக்கும் அங்கிள்."

"இருக்கும். நான் இல்லைன்னு சொல்லல. என்ன நோக்கம்னு எனக்கும் கொஞ்சம் சொல்லச் சொல்லுங்க. டாக்டரம்மா பதினாலாம் தேதி வர்றாங்க, அதுக்குள்ள தெரிஞ்சா நல்லது."

டீட்ரிக் தொண்டையைச் செருமினார். "கோர்னி, இது விளையாட்டில்ல. மனுஷனோட மதிப்பு அவனால என்ன செய்ய முடியும்ங்கறதுல இல்ல. அவன் தேவனோட சாயல்ல படைக்கப்பட்டவன்ங்கறதுல இருக்கு. நீ ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமப் படுத்திருந்தாலும் எங்களுக்கு விலை மதிக்க முடியாதவன்."

"ரொம்ப நன்றி டீட்ரிக். கண்ணாடி மூக்குல இறங்கிடுச்சு. கொஞ்சம் ஏத்தி விடறியா?"

டீட்ரிக்கின் கை அரை அடி நீண்டது. அங்கேயே நின்றது. பிறகு, "ஆகத்தா..." என்று என்னைப் பார்த்தார். நான் எழுந்துபோய் ஏற்றிவிட்டேன். அதில் எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. பொம்பளை வேலைதானே என்றுதான் நினைத்தேன். பிறகு இருவரும் ஜெபம் செய்தார்கள். பதினேழு நிமிஷம். சூப் ஆறிப்போய்விட்டது.

அதற்கப்புறம் மூப்பர் குழு கூடியது. நாங்கள் மென்னோனைட்டுகள், ஐந்நூறு வருஷமாகத் துப்பாக்கியைத் தொடமாட்டோம் என்று சொல்லி நாடு விட்டு நாடு ஓடி, கடைசியில் மனிடோபா குளிருக்கு வந்து சேர்ந்த ஜனங்கள். கொல்லக்கூடாது என்கிற விஷயத்தில் எங்களுக்கு ஒரு கர்வமே உண்டு. ஆகவே அறிக்கை ஒன்று வெளியிடாமல் விடமுடியாது. டீட்ரிக் எழுதினார். மூன்று கூட்டம் நடந்தது. "வருந்துகிறோம்" என்று போடுவதா, "ஆழ்ந்து வருந்துகிறோம்" என்று போடுவதா என்பதற்கு மட்டும் நாற்பது நிமிஷம் ஆயிற்று. நான் பக்கத்து அறையில் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். நாலரைப் பக்கம் வந்தது. உயிர் ஈவு, உயிர் புனிதம், பலவீனரைச் சுமப்பது சபையின் பாக்கியம். நல்ல அறிக்கைதான். குறை சொல்ல முடியாது.

கடைசிப் பத்தியில் தீர்மானம் இருந்தது. இப்படிச் சாகிறவருக்கு மேலே ஆலயத்தில் அடக்க ஆராதனை நடத்த முடியாது. ஆனால் கீழே ஹாலில் சாப்பாடு போடுவதற்கு ஆட்சேபம் இல்லை.

"அதெப்படி?" என்று டீட்ரிக்கிடம் கேட்டேன். "மேல கூடாதது கீழ மட்டும் கூடுமா?"

"சாப்பாடு வேற, உபதேசம் வேற ஆகத்தா. வந்தவங்களப் பசியோட அனுப்ப முடியுமா?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. சாப்பாட்டை நிறுத்தியிருந்தால் சபையே இரண்டாக உடைந்திருக்கும்.

கோட்டு மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகை இருக்கிறது. அறிக்கையை இடது பக்கம் குத்தினார்கள். நான் என் பட்டியலை வலது பக்கம் குத்தினேன்: சனிக்கிழமை பதினாறாம் தேதி, காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை, பன் சுட, ரொட்டி வெட்ட, காபி ஊற்ற. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முப்பத்தொரு பேர் எழுதிவிட்டார்கள். காபி ஊற்ற டீட்ரிக்கும் எழுதினார். எல்லாச் சாவுக்கும் அவர்தான் காபி ஊற்றுவார், துளி சிந்தமாட்டார். அறிக்கையை எத்தனை பேர் படித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் ஊரில் பட்டியலில் பெயர் எழுதுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. நாங்கள் கோர்ட்டில்கூடச் சத்தியம் செய்யாதவர்கள். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அதற்குமேல் சத்தியம் எதற்கு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எழுதிய பெயரை அடித்தவன் என்று ஒருவனை நான் இந்த இருபத்திரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை. கால் ஒடிந்து கட்டுப்போட்டு வந்து வெங்காயம் உரித்தவளைப் பார்த்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல அத்தான் வீட்டுக்குப் போனேன். கையில் சூப், பையில் நோட்டுப் புத்தகம்.

"அத்தான், சஸ்காட்சுவன்ல இருந்து உங்க ஆளுங்க எத்தனை பேர் வருவாங்க? பதினாறா, இருபதா?"

"பதினாறுன்னு போட்டுக்க. வால்டர் வந்தா மட்டும் ரெண்டாள் சாப்பாடு சாப்பிடுவான்."

"உங்க பையன்?"

"சனிக்கிழமைதான் டிக்கெட் போட்டிருக்கான். வியாழக்கிழமைய அவனால தாங்க முடியாதாம்."

தாங்க முடியாதாம். கால்கரியில் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு. சனிக்கிழமை என்று எழுதிக்கொண்டேன்.

அத்தான் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆகத்தா, ஒண்ணு கேக்கட்டா?" என்றார். "இந்த வியாழக்கிழமைய வேண்டாம்னு சொன்னா, உங்களுக்கெல்லாம் ரொம்பச் சிரமமா இருக்குமா?"

"ஐயையோ அத்தான்! மாவு வந்து இறங்கியாச்சே. அடுத்த சனிக்கிழமை மிஷனுக்குப் பணம் திரட்டற ஏலம், ஹால் கிடைக்காது. அதுக்கடுத்தது வீப் வீட்டுக் கல்யாணம். டிசம்பர் பொறந்துட்டா பிள்ளைங்க நாடகம், அடுப்படிப் பக்கமே போக முடியாது. திராட்சை ரொட்டிக்குப் பேரு குடுத்த ஹில்டா வேற வேலைக்கு லீவு சொல்லிட்டா."

"சரி, சரி. சும்மாதான் கேட்டேன்."

நான் நோட்டுப் புத்தகத்தை மூடினேன். சூப் கிண்ணத்தைக் கழுவினேன். கோட்டு மாட்டினேன், பூட்ஸ் மாட்டினேன், காரில் போய் உட்கார்ந்து இன்ஜினைப் போட்டேன். ஹீட்டர் சூடாகட்டும் என்று காத்திருந்தபோதுதான் நான் பேசியது என் காதில் விழுந்தது. ஒரு மனுஷன் இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருக்கட்டுமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார். நான் ஹால் கிடைக்காது என்று சொல்லியிருக்கிறேன்.

பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். பனிச்சேறு கார்ப்பெட்டெல்லாம் ஆயிற்று. என் அக்கா இருந்திருந்தால் செருப்பால் அடித்திருப்பாள். இரண்டுக்கும் சேர்த்து.

"அத்தான், உங்களுக்குச் சாக இஷ்டமில்லையா?"

"கத்தாத. சாகறதுல எனக்கொண்ணும் ஆட்சேபம் இல்ல. இந்த வியாழக்கிழமைங்கறதுதான் கொஞ்சம் இடிக்குது. நேத்து முதல் பனி விழுந்துச்சா, அது ஏப்ரல்ல கரையறதையும் பாத்துட்டுப் போலாமேன்னு ஒரு சபலம்."

"அப்ப அந்த டாக்டருக்குப் போனப் போட்டு வேண்டாம்னு சொல்லுங்க!"

"ஆமான்னு சொல்லிட்டேனே ஆகத்தா. கையெழுத்து வேற போட்டிருக்கேன்."

"எப்ப வேணாலும் வேண்டாம்னு சொல்லலாம்னு அவங்களே சொன்னாங்கல்ல?"

"மூணு தடவ சொன்னாங்க. அவங்க வெளியாளு, அவங்க ஊர்ல சொன்ன பேச்ச மாத்தலாம். நான் மாத்தி இருக்கனா இதுவரைக்கும்? அவங்க ஒரு மணி நேரம் காரோட்டிட்டு வர்றாங்க. நீங்க முப்பத்தொரு பேர் எழுதிட்டீங்க. எல்லாரையும் அலைக்கழிச்சிட்டு..."

எனக்கு வந்த கோபத்தில் அந்த மனுஷனை நானே கொன்றிருப்பேன். மரியாதைக்காக ஒருவன் சாகிற கூத்தை நான் எங்கே போய்ச் சொல்லுவேன்!

"சரி, வேண்டாம்னு சொல்லிட்டேன்னே வெச்சுக்க," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "வெள்ளிக்கிழமை யாரு வர்றா?"

"அதான் அரசாங்கத்துல இருந்து ஆள் வருதே."

"வருது. ஒன்பது மணிக்குக் கிளம்பிடும். அடுத்த ஆளு மூணு மணிக்குத்தான். நடுவுல ஆறு மணி நேரம் இந்த நாற்காலிதான். போன வாரம் மூக்குல ஒரு ஈ வந்து உக்காந்துச்சு. இந்த மாசத்துலயும் ஜன்னலோரம் ஈ இருக்குது பாரு. ஒரு மணி நேரம். ஊதிப் பாத்தேன், போகல. முப்பது வருஷம் டிராக்டர் இன்ஜினப் பிரிச்சுக் கோத்தவன் நான். அந்த ஈயக் கெஞ்சினேன் ஆகத்தா. வாய்விட்டுக் கெஞ்சினேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்கு முட்டி வலி. குழு வேலை வேற."

இருபது நிமிஷ தூரத்தில் இருக்கிறேன். வாரத்துக்கு ஒரு தடவை ஒரு கிண்ணம் சூப்போடு வந்து, அதற்கே என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம். மறுநாள் புதன்கிழமை கோப்பை எண்ணுவதற்கென்று நாலு மணி நேரம் ஒதுக்கிவைத்திருந்தேன். அந்தக் கோப்பைகள் இருபத்திரண்டு வருஷமாக இருநூற்று நாற்பதுதான். எண்ணாவிட்டாலும் அவை எங்கேயும் போய்விடாது.

"அந்த டாக்டரம்மா ஒண்ணு கேட்டாங்க," என்றார் அத்தான். "என்ன இருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருப்பீங்கன்னு கேட்டாங்க. சபையில ஒருத்தனும் அதைக் கேக்கல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் வேண்டாம்னு சொன்னேன். முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டப் போய் என்னத்தக் கேக்கறது?"

புதன்கிழமை காலை எட்டு மணிக்குச் சபைச் சமையலறையில் போனும் பட்டியலுமாக உட்கார்ந்தேன். முதலில் ஹில்டா.

"ஹில்டா, நீ ஒன்பதுல இருந்து மூணு வரைக்கும்னு எழுதியிருக்க."

"ஆமாக்கா. திராட்சை ரொட்டிக்கு."

"அந்த ஆறு மணி நேரத்த அத்தான் உயிரோட இருக்கும்போதே குடுத்துடு. அவரு வீட்டுல போய் உக்காரு. தண்ணி குடு, சோறூட்டு, கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போ. தூக்கறதுக்கு மிஷினு இருக்கு, நான் காட்டித் தர்றேன்."

அவள் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஏன்க்கா, அவரு சாகலையா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் ஒரு சொட்டு ஏமாற்றம் இருந்தது. நான் பழி சொல்லவில்லை. முந்தின நாள் என் குரலிலும் அதுதான் இருந்தது.

"அது நம்ம கையில இருக்கு. மாசத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்."

"நான் ரொட்டிக்குத்தானேக்கா பேரு குடுத்தேன்..."

"அப்ப அடிச்சிடட்டுமா? எனக்கொண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை அறிவிப்புல ஒரு வரி வாசிச்சிடறேன்: ஹில்டா செத்தவருக்குன்னா வருவா, உயிரோட இருக்கறவருக்குன்னா வரமாட்டான்னு."

"அடிக்காதீங்கக்கா!"

இப்படியே முப்பத்தொரு பேருக்கும். கெஞ்சவில்லை, வசனம் சொல்லவில்லை, அன்பு என்ற வார்த்தையை ஒரு தடவைகூட எடுக்கவில்லை. பெயரை அடிக்கட்டுமா என்று மட்டும் கேட்டேன். மூன்று பேருக்கு உண்மையிலேயே முடியாது. ஒருத்தி தானே சக்கர நாற்காலியில் இருக்கிறவள். மிச்சம் இருபத்தெட்டு பேர் சாயங்காலத்துக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு, அடிக்க வேண்டாம் என்றார்கள். நாளுக்கு ஒருவர் என்று வைத்தால் ஆளுக்கு நாலு வாரத்துக்கு ஒரு முறை வருகிறது. நாலு வாரத்துக்கு ஆறு மணி நேரம். ஒரு மனுஷனைச் சாகவிடாமல் வைத்துக்கொள்ள எங்கள் சபைக்கு ஆகிற சிரமம் இவ்வளவுதான். இது தெரியாமல் மூன்று கூட்டம் போட்டு நாலரைப் பக்கம் எழுதியிருக்கிறோம்.

பாஸ்டர் ட்ரெவரும் அந்தப் பட்டியலில் இருந்தவர்தான்; நான் கூப்பிடுமுன் தானே வந்து, சனிக்கிழமைக்கு எழுதிக்கொள்ளச் சொன்னார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பையன். கிட்டாரை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னேன்.

டீட்ரிக் பன்னிரண்டு மணிக்கு வந்தார். போனில் ஒன்றும் சொல்லாமல் வைத்தவர் நேரில் பொரிந்து தள்ளினார்.

"இது என்ன மிரட்டல் ஆகத்தா? நான் காபி ஊத்தறதுக்குத்தான் பேரு குடுத்தேன். ஊழியம்ங்கறது மனப்பூர்வமா வரணும். இப்படி வலுக்கட்டாயமா..."

"மனப்பூர்வமா வர்றதுக்கு ஒரு வருஷம் டைம் இருந்துச்சே. எத்தனை தடவை போனீங்க?"

"போன மாசம்கூட..."

"ஜெபம் பண்ணப் போனீங்க. அவரு கண்ணாடிய ஏத்திவிடச் சொன்னாரு."

அவர் முகம் சிவந்தது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் தன் கைகளையே பார்த்தார்.

"எனக்கு அந்த வேலையெல்லாம் வராது ஆகத்தா," என்றார். அதில் ஒரு உட்பிரிவும் இல்லை. "எங்கம்மாவுக்கே நான் செஞ்சதில்ல. அக்காதான் செஞ்சா. நான் கதவுக்கு வெளியவே நிப்பேன்."

எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்க்க அன்றைக்கு எனக்கு நேரமில்லை.

"அவருக்கும் அடுத்தவங்ககிட்ட வேலை வாங்க வராது. ரெண்டு பேரும் சேந்து கத்துக்குங்க. இல்ல, பேரை அடிச்சிடட்டுமா?"

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

"எந்த நாள்?"

"வெள்ளிக்கிழமை. முதல் ஆள் நீங்கதான்."

அன்று சாயங்காலம் பட்டியலை எடுத்துக்கொண்டு அத்தானிடம் போனேன். கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். ஒவ்வொரு பெயராக வாசித்தார்.

"மிரட்டி வாங்கினியா?"

"ஆமா."

"மிரட்டி வாங்கின அன்ப வெச்சு நான் என்ன பண்ண?"

"வேற ரகம் இந்த ஊர்ல ஸ்டாக் இல்ல அத்தான். இருக்கறத வெச்சு ஓட்டுங்க."

அவர் சிரிக்கவில்லை. "இருபத்தெட்டு பேருக்குச் சிரமம்," என்றார். மறுபடி, "இருபத்தெட்டு பேரு," என்றார். டாக்டருக்குப் போன் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வருகிறேன் என்று சொன்ன டாக்டர் வரட்டும், வருகிறவர்களை வராதே என்று சொல்வது முறையில்லை என்றார். நான் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். பட்டியலை மடிமேல் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். அவர் என்ன முடிவில் இருந்தார் என்று எனக்குத் தெரியவே இல்லை.

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு டாக்டர் ஓக்லி ஒரு நர்ஸோடு வந்தார். ஐம்பது வயதுப் பெண். வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு உள்ளே வந்தார். எங்கள் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் இந்த அம்மாளைப் பற்றி ஒரு பத்தி உண்டு; அதைப் படித்துவிட்டுப் பார்த்தால் கையில் அரிவாளோடு வருவார் என்று தோன்றும். அவர் அத்தானுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து உட்கார்ந்தார். நர்ஸ் பையைத் திறக்காமல் கதவருகே நின்றாள்.

"மிஸ்டர் பென்னர், சட்டப்படி நான் இன்னொரு தடவ கேக்கணும். அவசரமே இல்ல. இதை இன்னிக்குச் செய்யணும்னு நீங்க விரும்பறீங்களா?"

அத்தான் டாக்டரின் முகத்தைப் பார்த்தார். வாய் மட்டும் திறந்து மூடியது. எழுபத்தொரு வருஷமாக யார் எது கேட்டாலும் சரி என்று சொல்லிப் பழகிய வாய். அது எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியும்போல் இருந்தது. நான் சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் எத்தனையோ ஜெபம் செய்திருக்கிறேன், அன்றைக்குப்போல நெஞ்சிலிருந்து செய்ததில்லை. கர்த்தாவே, இந்த மனுஷனை ஒரே ஒரு தடவை மரியாதை கெட்டவனாக்கும் என்று வேண்டினேன்.

"இல்ல," என்றார் அத்தான்.

உடனே பதறிப்போய், "மன்னிக்கணும் டாக்டர். இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. ரோடெல்லாம் ஐஸ் வேற. காபி குடிச்சிட்டுத்தான் போகணும்," என்றார்.

டாக்டர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு அவருடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "எதுக்கு மன்னிப்பு? இப்படிச் சொல்ல இடம் இருக்கணும்னுதான் நான் கேள்வியே கேக்கறது. என்ன மாறிச்சுன்னு மட்டும் சொல்லுவீங்களா? கட்டாயமில்ல."

"நாளைக்கு ஒன்பது மணிக்கு டீட்ரிக் லோவன்னு ஒருத்தன் என்னைக் கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போக வர்றான்," என்றார் அத்தான். "நாப்பது வருஷமா அவன எனக்குத் தெரியும். அந்தக் காட்சியப் பாக்காம எப்படி டாக்டர் போறது?"

டாக்டர் சிரித்த சிரிப்பில் நர்ஸும் சேர்ந்துகொண்டாள். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மூன்று வாரம் முன்னாலேயே அழுதிருக்க வேண்டிய அழுகை அது.

டாக்டர் இரண்டு கோப்பை காபி குடித்தார். போகும்போது, "என் நம்பர் அதேதான்," என்றார். "எப்ப நினைச்சாலும் கூப்பிடலாம். கூப்பிடாம இருந்தாலும் சந்தோஷம்."

கார் போகிற சத்தம் அடங்கிற்று. அத்தான் களைத்துப்போயிருந்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

"ஆகத்தா, அந்தப் பட்டியலு எத்தனை நாளைக்குத் தாங்கும்னு நினைக்கற? நிசத்தச் சொல்லு. அது தேஞ்சுபோச்சுன்னா நான் அந்தம்மாவக் கூப்பிட வேண்டியதுதான்."

"ஒருத்தனும் பேர அடிக்கமாட்டான் அத்தான். அதுக்கெல்லாம் துணிச்சல் வேணும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கோழைத்தனத்தை நம்பி ஒரு உயிர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அது பனி கரைகிறவரைக்குமாவது தாங்க வேண்டுமே என்று எனக்குப் பயமாக இருந்தது.